இரண்டு அக்காக்கள், ஒரு தங்கை

1

பதினேழாம் நூற்றாண்டில் தமிழில் சமயக் கவிதை செய்த பெண் யார் என்ற கேள்விக்கு நம் இலக்கிய வரலாற்று நூல்களில் பதில் கிடைப்பதில்லை. குமரகுருபரர், சிவப்பிரகாசர், படிக்காசுப் புலவர் என்று அடுக்கிக்கொண்டே போய், அங்கிருந்து தாயுமானவருக்குத் தாவிவிடுகிறார்கள். காரைக்காலம்மையிடமும் ஆண்டாளிடமும் பெண்களின் கணக்கைத் தீர்த்துவிட்ட நிம்மதி அவர்களுக்கு. இந்தக் கேள்வியை நான் மயிலத்தில் நின்றுகொண்டு கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். அந்த நூற்றாண்டில் ஒரு பெண்கவியின் வாழ்க்கையைத் தமிழ்க் காவியத்துக்குள் கொண்டுவந்த புலவரின் குருபீடம் அது. கேள்வி அங்கேதான் சிக்கலாகிறது.

திண்டிவனத்துக்குத் தெற்கே சிறு குன்று. மயில் வடிவம் என்பார்கள்; சூரபத்மன் மயிலாகித் தவம் கிடந்து மலையானான் என்பது ஸ்தல புராணம். மேலே முருகன். கோயில், பொம்மபுர ஆதீனத்தின் பரம்பரை நிர்வாகத்தில் இருப்பது. பொம்மபுரம் என்பது புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்திலுள்ள பொம்மையார்பாளையம். ஆதீனம் வீரசைவ மடம். அதன் பட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் சிவஞான பாலய சுவாமிகள் என்ற ஒரே பெயர். முருகன் கோயிலை லிங்கதாரிகள் நிர்வகிப்பது வெளியூர்க்காரனுக்கு விசித்திரமாகப் படலாம். இந்த வட்டாரத்துச் சரித்திரம் தெரிந்தவனுக்கு அப்படிப் படாது. விஜயநகரமும் செஞ்சி நாயக்கர்களும் வந்த வழியில் கன்னடமும் வந்தது. கன்னடத்தோடு வீரசைவமும் வந்தது. 1649இல் செஞ்சி பிஜப்பூர் வசமாகிறது; 1674இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் காலூன்றுகிறார்கள்; 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடிக்கிறார்; 1690களில் மொகலாயப் படை கோட்டையைச் சுற்றி வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை தளவாட ஓசைகளுக்கு நடுவில் மடங்கள் ஓலை எழுதிக்கொண்டிருந்தன. மடங்களின் மகத்துவம் அது. அவற்றின் எல்லையும் அந்த ஓலைகளில்தான் தெரிகிறது.

சிவப்பிரகாசர் காஞ்சிபுரத்து வீரசைவக் குடும்பத்தில், குமாரசுவாமி தேசிகரின் மகனாகப் பிறந்தவர். வேலையர், கருணைப்பிரகாசர் என்று இரண்டு தம்பிகள்; இருவரும் புலவர்கள். ஞானாம்பிகை என்று ஒரு தங்கை. திருநெல்வேலிப் பக்கம் போய் வெள்ளியம்பலவாணத் தம்பிரானிடம் இலக்கணம் கற்று, துறைமங்கலத்தில் அண்ணாமலை ரெட்டியாரின் ஆதரவில் இருந்து, பொம்மபுரத்துச் சிவஞான பாலய தேசிகரைக் குருவாக அடைந்து, முப்பத்திரண்டு வயதில் நல்லாற்றூரில் காலமானார் என்று மரபு சொல்கிறது. அந்த முப்பத்திரண்டு வருஷத்துக்குள் முப்பதுக்குக் குறையாத நூல்கள். 'கற்பனைக் களஞ்சியம்' என்று பண்டிதர்கள் பட்டம் கொடுத்தார்கள். பட்டம் பொருத்தமானதுதான். ஆனால் பட்டம் கொடுத்த கையோடு படிப்பதை நிறுத்திவிடுவதும் நம் வழக்கம். அவருடைய 'பிரபுலிங்க லீலை' அப்படி நின்றுபோன புத்தகங்களில் ஒன்று.

2

பிரபுலிங்க லீலை மொழிபெயர்ப்பு. மூலம் கன்னடத்தில், இரண்டாம் தேவராயன் (1424–1446) காலத்து விஜயநகரத்தில் சாமரசன் ஷட்பதி யாப்பில் எழுதிய காவியம். தமிழிலும் இருபத்தைந்து கதிகள். ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட விருத்தங்கள். தலைவன் அல்லமப் பிரபு. கயிலாயத்தில் சிவனுக்கும் பார்வதிக்கும் ஒரு விவாதம். அல்லமனை யாராலும் மயக்க முடியாது என்கிறார் சிவன். முடியும் என்று பார்வதி தன் தாமச கலையை அனுப்புகிறாள். அது வனவசையில் மாயை என்ற ராஜகுமாரியாகப் பிறந்து, அல்லமனிடம் மனம் பறிகொடுத்துத் தோற்கிறது. பிறகு பார்வதி தன் சாத்துவிக கலையை அனுப்புகிறாள். அது உடுதடி என்ற ஊரில் நிர்மலனுக்கும் சுமதிக்கும் மகளாகப் பிறக்கிறது. அவள்தான் அக்கமாதேவி. அரசன் கௌசிகன் அவளை விரும்புகிறான். அவளோ அரண்மனையைத் துறந்து, ஆடையைத் துறந்து, கூந்தலே போர்வையாகக் கல்யாண நகரத்துக்கு நடந்து, அங்கே அல்லமன் முன்னிலையில் சோதிக்கப்பட்டு, கடைசியில் ஸ்ரீசைலத்தை அடைகிறாள்.

இந்த அக்கமாதேவி கற்பனைப் பாத்திரம் அல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணரைச் சுற்றிக் கல்யாணத்தில் கூடிய சரணர்களில் ஒருத்தி. கன்னடத்தின் பெரிய கவிகளில் ஒருத்தி. நானூறுக்கு மேற்பட்ட வசனங்கள் அவள் பெயரில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சென்னமல்லிகார்ச்சுனன் என்ற முத்திரையோடு முடிகிறது. அந்த இயக்கத்தில் வசனம் செய்த பெண்கள் முப்பது பேருக்கு மேல். இவள் அவர்களுக்கெல்லாம் அக்கா. 'அக்கா' என்பது பெயரல்ல, சரணர்கள் அவளுக்குக் கொடுத்த முறை. கன்னடத்திலும் தமிழிலும் ஒரே சொல், ஒரே அர்த்தம். மொழிபெயர்க்கவே தேவையில்லாத சொல்.

ஆக, பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ் வாசகனுக்கு ஒரு பெண்கவியின் கதை விஸ்தாரமாகக் கிடைத்தது. அவளுடைய பிறப்பும் துறவும் தனித்தனிக் கதிகளாகக் கிடைத்தன. கிடைக்காதது அவளுடைய கவிதை. அவள் என்ன பாடினாள் என்பது இந்தக் காவியத்தின் அக்கறை அல்ல. அவள் பேசுகிறாள், உண்மைதான். ஆனால் சிவப்பிரகாசரின் விருத்தத்தில், சிவப்பிரகாசரின் உவமைகளில், சிவப்பிரகாசரின் சொல்லடுக்கில் பேசுகிறாள். மாயையும் அதே விருத்தத்தில்தான் பேசுகிறாள்; கௌசிகனும் அப்படியே. காவியத்தின் யாப்பு எல்லோருக்கும் ஒரே குரலைக் கொடுத்துவிடுகிறது. முத்தாயி என்ற இன்னொரு பெண்ணுக்கும் இதே கதி நேர்ந்தது. கன்னடத்தில் முக்தாயக்கா; அண்ணன் அஜகண்ணன் இறந்த துக்கத்தில் அல்லமனோடு வாதாடியவள்; வசனங்கள் செய்தவள். தமிழில் அவள் பெயரால் ஒரு கதி இருக்கிறது. வசனம் இல்லை.

இதற்குச் சிவப்பிரகாசரைக் குற்றம் சாட்டிப் பயனில்லை. அவருக்கு முன்னால் சாமரசனே இதைச் செய்துவிட்டான். 1160களின் இறுதியில் கல்யாணத்தில் கலவரம் மூண்டு சரணர்கள் சிதறிப்போனார்கள். வசனங்கள் ஓலைக்கட்டுகளாக ஊர் ஊராக அலைந்தன. பதினைந்தாம் நூற்றாண்டு விஜயநகரத்தில் விரக்தர்கள் அவற்றைத் தேடித் தொகுத்தபோது இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று 'சூன்ய சம்பாதனை'. அது சரணர்களின் வசனங்களையே கோத்து, அவர்களை அவரவர் வாக்கினாலேயே பேச வைக்கிற உரையாடல் நூல். அல்லமன் கேட்கிறான், அக்கா பதில் சொல்கிறாள். பதில் அவளுடைய வசனமாகவே இருக்கிறது. மற்றொன்று சாமரசனின் காவியவழி. வாக்கை உருக்கிக் கதையாக வார்த்துவிடுவது. தமிழுக்கு வந்தது இந்த இரண்டாவது.

ஏன் இரண்டாவது? வடிவம்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது. பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலவனுக்குக் காவியம் என்றால் என்னவென்று தெரியும். படலமாகவோ கதியாகவோ பிரித்து விருத்தத்தில் செய்வது. வசனத்தை அவன் எதில் வைப்பான்? அதற்குச் சீர் இல்லை, தளை இல்லை, எதுகை கட்டாயம் இல்லை. பேச்சின் மூச்சில் எழுந்து முத்திரையில் வந்து முட்டி நிற்கிற வடிவம். அதைக் கவிதை என்று ஏற்க யாப்பிலக்கணத்தில் இடம் கிடையாது. வெள்ளியம்பலவாணரிடம் இலக்கணம் முடித்தவருக்கு அது மூலப்பொருளாகத் தெரிந்திருக்கலாம். முடிந்த பொருளாகத் தெரிந்திருக்காது.

இங்கே நம் தலைமுறைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. யாப்பை உதறிய கவிதை தமிழுக்கு இருபதாம் நூற்றாண்டில் வந்தது. பாரதி விட்மனைப் படித்தார், காட்சிகளை எழுதினார். 1930களில் பிச்சமூர்த்தி தொடர்ந்தார். 1959இல் 'எழுத்து' வந்தது. வசனகவிதை என்ற பெயரையே கேலிப்பொருளாக்கிப் பண்டிதர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சண்டையில் 'வசனம்' என்ற சொல் பக்கத்து மொழியில் எண்ணூறு வருஷமாக ஒரு மகத்தான கவிதை வடிவத்தின் பெயராக இருந்துவருவதை எத்தனை பேர் நினைத்தார்கள்? முந்நூறு வருஷத்துக்கு முன் மயிலத்து வாசல்வரை வந்து நின்ற வடிவம், உள்ளே வராமல் திரும்பிப்போய், கடைசியில் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்தது. அக்காவின் கவிதையும் அப்படியே. கன்னடத்திலேயே 1920களில் ஹளகட்டி ஓலைகளைத் தேடி அச்சிட்ட பிறகுதான் வசனங்கள் பரவலாக வாசிக்கப்பட்டன. என்னைப் போன்ற தமிழ் வாசகர்கள் பலரும் அவளை முதலில் படித்தது 1973இல் வந்த ஏ. கே. ராமானுஜனின் ஆங்கிலத்தில். பிரபுலிங்க லீலை வீட்டுப் பரணிலேயே இருந்தது.

காவியம் அவளுக்குச் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். சாத்துவிக கலை என்று ஆனபின் அவள் துறப்பதற்கு என்ன இருக்கிறது? தெய்வம் பூமிக்கு வந்து திரும்பிப் போகிறது, அவ்வளவுதான். வசனங்களில் இருக்கிறவள் வேறு. அவளுக்குப் பசிக்கிறது, வெட்கம் இருக்கிறது, ஊர் பேசுகிறது, உடம்பு உடம்பாகவே இருக்கிறது. இவற்றுக்கு நடுவில் அவள் ஒரு தேர்வைச் செய்து அதற்கான விலையைக் கொடுக்கிறாள். மாயை பார்வதியின் இருள், அக்கா பார்வதியின் ஒளி என்று ஒரு பெண்ணை இரண்டாகப் பிளந்து வைத்துவிட்டால், அந்தத் தேர்வு அவளுடையதாக இருக்காது. கயிலாயத்தில் முன்பே தீர்ந்துபோன வழக்காகிவிடும். அழகான காவியம். ஆனால் அந்த அழகுக்கு அக்கா தன் மனுஷத்தன்மையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

சேக்கிழாரை நினைத்துப் பார்க்கிறேன். அக்கா கல்யாணத்துக்கு நடந்த அதே பன்னிரண்டாம் நூற்றாண்டில்தான் அவரும் காரைக்காலம்மையின் கதையைப் பாடினார். அவரும் விருத்தத்தில்தான் பாடினார். ஆனால் அம்மையின் அந்தாதியும் பதிகங்களும் பதினோராம் திருமுறையில் தனியே நின்றன. கதையைப் படித்தவன் அடுத்த ஏட்டைப் புரட்டினால் அவள் குரலைக் கேட்க முடிந்தது. இரண்டுக்கும் உள்ள பேதத்தை அவனே உணர முடிந்தது. மயிலத்து மரபு அக்காவுக்கு அந்த அடுத்த ஏட்டைக் கொடுக்கவில்லை.

3

இனி எதிர்ப்பக்கம். சிவப்பிரகாசர் காலத்தை ஒட்டியே, தெற்கே செங்கோட்டையில் இன்னொரு அக்கா இருந்தாள். ஆவுடையக்காள். பிராமணக் குடும்பம், குழந்தை மணம், குழந்தைப் பருவத்திலேயே கைம்மை. திருவிசநல்லூர் ஸ்ரீதர வெங்கடேச அய்யாவாள் அவளுக்கு உபதேசம் செய்தார் என்பது மரபு. அவளுடைய காலம் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து பதினெட்டின் தொடக்கம் வரை என்று கணிக்கப்படுவதும் அய்யாவாளைக் கொண்டுதான். ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் நீராடி மலையேறினாள், திரும்பவில்லை என்கிறார்கள். வாழ்க்கையைப் பற்றி மரபு தருவது கிட்டத்தட்ட இவ்வளவுதான். இதிலும் பாதி ஐதிகம்.

ஆனால் பாடல்கள் இருக்கின்றன. வேதாந்தப் பள்ளு, அம்மானை, சூடாலைக் கும்மி, ஸ்ரீவித்யை சோபனம், ஞானக் குறவஞ்சி, அனுபோக ரத்னமாலை. தலைப்புகளைப் படித்தாலே விஷயம் விளங்கும். கும்மி, அம்மானை, சோபனம் என்பவை பெண்கள் கூடுமிடத்து வடிவங்கள். கல்யாண வீடு, முற்றம், ஊஞ்சல், வேலை ஓய்ந்த மத்தியானம். அத்வைதத்தை அவள் அந்த இடங்களுக்குக் கொண்டுபோனாள். பாஷ்யம் படிக்க உரிமையில்லாதவர்கள் பாட உரிமையுள்ள வடிவத்தில் அதைப் பெற்றுக்கொண்டார்கள். திருநெல்வேலிச் சீமைப் பிராமணப் பெண்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள். பாட்டி பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தாள். சிலர் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். பிறகு ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரி போன்றவர்கள் தேடித் தொகுத்தார்கள்.

பெருந்தொகுப்பு 2002இல் வந்தது. அதை வெளியிட்டது திருக்கோவிலூரை அடுத்த ஞானானந்த தபோவனத்தைச் சார்ந்த அமைப்பு. பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் மயிலமும் உண்டு, திருக்கோவிலூரும் உண்டு. பொருநைக் கரைப் பெண்களின் வாயில் முந்நூறு வருஷம் இருந்த குரல், மயிலம் இருக்கும் அதே சீமையில் புத்தகமாயிற்று. இது தற்செயல்தான். தற்செயலுக்கு அர்த்தம் கற்பிக்கிற ஆசை எனக்கில்லை. இரண்டு அக்காக்களையும் அருகருகே வைத்துப் பார்க்க என்னைத் தூண்டியது இதுதான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆவுடையக்காளின் பாடல்கள் எல்லாமே கவிதை என்று நான் சொல்ல வரவில்லை. பரிபாஷைகள் பொங்கி வழிகிற இடங்கள் பல. வேதாந்த வாய்பாட்டை மெட்டில் ஏற்றிய பாடல்கள் உண்டு. அவற்றில் ஞானம் இருக்கலாம், சிருஷ்டி குறைவு. ஆனால் தீட்டு, எச்சில், மடி என்று அவள் கை வைக்கும்போது கதை மாறிவிடுகிறது. உடம்பே தீட்டில் உருவானதென்றால் தீட்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவள் கேட்கிறபோது, அது சாஸ்திரம் படித்தவனின் தர்க்கமாக இல்லை. சமையலறையில் மடியாக நின்று, மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்து, மங்கல காரியங்களில் முகம் காட்டாமல் விலகி நின்றவர்களுக்கு மத்தியில் வாழ்ந்தவளின் வாக்கு. பேச்சுத் தமிழும் வடமொழியும் முட்டி மோதும் அந்தப் பாஷையில் ஒரு குரூரமான நகைச்சுவை உண்டு. அவளுடைய தனி அம்சம் என்று நான் கருதுவது அதைத்தான். அவளுக்கும் பாரதிக்கும் ஒற்றுமை காட்டி அவள் பெருமையை நிலைநாட்டப் பார்த்தவர்கள் உண்டு. பாரதி அவள் பாடல்களைக் கேட்டு வளர்ந்திருந்தால் அது பாரதி ஆராய்ச்சிக்கு லாபம். அவளுக்கு அந்தச் சிபாரிசு வேண்டியதில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. இந்தக் குரலைக் காத்த வட்டம் ஒரே ஜாதியின் வட்டம். வீட்டுக்குள் காத்தார்கள், அதனால் பிழைத்தது, அதனாலேயே வெளியே போகவில்லை. தீட்டைக் கேள்வி கேட்ட பாட்டு, தீட்டு பார்க்கிற வீடுகளில் சௌக்கியமாகப் பாடப்பட்டு வந்தது. இது ஒரு முரண். பாட்டுக்குச் சக்தி இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. மெட்டுக்குள் போய்விட்ட சொல்லை ஜனங்கள் அதன் கூர்மையை மறந்தே பாடிவிடுவார்கள் என்பதுதான் அர்த்தம்.

அய்யாவாளின் நிலையைப் பாருங்கள். தஞ்சையின் ஷாஹஜி 1693இல் திருவிசநல்லூரை நாற்பதுக்கும் மேற்பட்ட பண்டிதர்களுக்கு அக்ரஹாரமாக வழங்கினான். யார் யாருக்கு என்று பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அரசன், தானம், மடம், சாசனம் என்ற பாதையில் ஆண் புலவனின் பெயர் தானாகவே நடந்து வந்துவிடுகிறது. ஆவுடையக்காளுக்கு அந்தப் பாதை இல்லை. அவள் பாட்டு பாட்டாக மட்டுமே நடந்து வர வேண்டியிருந்தது. வழியில் வாழ்க்கை உதிர்ந்துபோயிற்று.

உடுதடி அக்காவுக்குத் தமிழில் வாழ்வு கிடைத்தது, வாக்கு கிடைக்கவில்லை. செங்கோட்டை அக்காவுக்கு வாக்கு கிடைத்தது, வாழ்வு கிடைக்கவில்லை. ஒருத்தியை ஓலை காத்தது, மற்றவளை வாய் காத்தது. ஓலை கதையைக் காத்தது. வாய் குரலைக் காத்தது.

4

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஞானாம்பிகை நிற்கிறாள்.

மூன்று புலவர்களின் தங்கை. பேரூர் மடத்தோடு சேர்த்து நினைவுகூரப்படும் சாந்தலிங்க சுவாமிகளுக்கு அவளை மணம் செய்து கொடுத்தார்கள் என்று மரபு சொல்கிறது. சாந்தலிங்கர் 'வைராக்கிய சதகம்', 'வைராக்கிய தீபம்', 'அவிரோத உந்தியார்', 'கொலை மறுத்தல்' செய்தவர். வைராக்கியத்தைப் பற்றி இரண்டு நூல் எழுதியவருக்கு மனைவியாக வாய்த்தவளின் பக்கத்திலிருந்து அந்த வைராக்கியம் எப்படித் தெரிந்திருக்கும்? அண்ணன்மார் மூவரும் கவி செய்கிற வீட்டில் வளர்ந்தவளுக்குச் சீரும் தளையும் காதில் விழாமல் இருந்திருக்குமா? அவள் பெயரில் ஒரு பாடலும் வழங்கவில்லை. சிவப்பிரகாசரின் சரித்திரத்திலும் சாந்தலிங்கரின் சரித்திரத்திலும் அவள் வருகிறாள். இரண்டிலும் இரண்டு ஆண்களை உறவாக்குகிற சொல்லாக வருகிறாள்.

நான் ஒரு காலத்தில் ஆசைப்பட்டதுண்டு. மடத்து ஓலைகளில் எங்கேயாவது தங்கையின் வெண்பா ஒன்று ஒளிந்திருக்கக்கூடாதா என்று. மயிலம் படிகளில் இறங்கும்போது அந்த வெண்பாவை நானே மனசுக்குள் எழுதியும் பார்த்தேன். அப்புறம் வெட்கமாக இருந்தது. சிவப்பிரகாசர் அக்காவுக்குச் செய்ததைத்தான் நான் ஞானாம்பிகைக்குச் செய்யப் பார்த்தேன். அவள் பேசாத இடத்தில் என் விருத்தத்தை வைப்பது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். அவருடைய நோக்கமும் நல்லதுதானே.

சிவப்பிரகாசர் தன் குருவுக்குச் செய்த பிரபந்தங்களில் ஒரு தாலாட்டு உண்டு. மனிதரைப் பாடமாட்டேன் என்று முதலில் மறுத்ததாகவும், முருகன் கனவில் வந்து சொன்ன பிறகே பாலய தேசிகரைப் பாடியதாகவும் கதை. கதை இருக்கட்டும். தாலாட்டு என்ற வடிவத்தை யோசித்துப் பாருங்கள். தொட்டிலின் அருகே உட்கார்ந்திருக்கிறவளின் வடிவம். அது மடத்துக்குள் போக முடிந்தது, ஓலையில் ஏற முடிந்தது, பிரபந்த வகைகளில் ஒன்றாக இலக்கணம் பெற முடிந்தது. தாலாட்டுகிறவள் போக முடியவில்லை. வடிவத்தை வாசலில் வாங்கிக்கொண்டு, கொண்டுவந்தவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். செங்கோட்டையில் ஒருத்தி அதே வீட்டு வடிவங்களில் தானே பாடிக்கொண்டிருந்த காலம் அது. ஒரே நூற்றாண்டு, ஒரே மொழி. பெண்ணின் வடிவத்தை ஆண் கையாண்டால் அது பிரபந்தம். பெண்ணே கையாண்டால் அது வீட்டுப் பாட்டு. நம் இலக்கிய வரலாறு இன்றுவரை இந்தப் பாகுபாட்டில்தான் நடக்கிறது.

5

இந்த நிலை அந்தக் காலத்தின் தவிர்க்க முடியாத விதி என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அப்படி இல்லை. மைசூரில் சிக்கதேவராஜன் (1673–1704) அரண்மனையில் ராணிக்கு வெற்றிலைப் பை தாங்கியாக இருந்த ஹொன்னம்மா 'ஹதிபதெய தர்மம்' எழுதினாள். அரண்மனைக்குள் இருந்ததால் அவள் நூல் நூலாகவே வந்து சேர்ந்தது. பதிவிரதா தர்மத்தைச் சொல்லும் அதே நூலில், பெற்றவளும் பெண்தானே என்று பெண்ணை இழிவாகப் பேசுகிறவர்களை மடக்குகிறாள். மராட்டியத்தில் பஹிணாபாய் (1628–1700). துகாராமைக் குருவாக வரித்த பிராமணப் பெண். அதற்காகக் கணவனிடம் அடி வாங்கியவள். அவள் தன் வாழ்க்கையைத் தானே அபங்கங்களில் சொன்னாள். அடியையும் சொன்னாள், தரிசனத்தையும் சொன்னாள். வாழ்வும் வாக்கும் அங்கே ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. அதனால்தான் அவளைச் சாத்துவிக கலையாக ஆக்க யாராலும் முடியவில்லை. அவளே சாட்சி.

தமிழில் நமக்கு அப்படி ஒரு சாட்சி கிடைக்கவில்லை. கிடைத்திருப்பவை உடைந்த துண்டுகள். ஆராய்ச்சி என்ற பெயரில் இவற்றை ஒட்டவைக்கிற அவசரம் இப்போது அதிகமாகியிருக்கிறது. ஒரு காலத்தில் பெண்கவியே இல்லை என்றார்கள். இப்போது ஒவ்வொரு மௌனத்துக்குள்ளும் ஒரு பெண்கவி இருந்தாள் என்று கண்டுபிடிக்கிறார்கள். இரண்டுமே சோம்பல்தான். முதலாவது தேடாத சோம்பல்; இரண்டாவது கிடைத்ததைப் படிக்காத சோம்பல். ஆவுடையக்காளுக்கு அவளுடைய பாடல்களிலிருந்து ஒரு ஜீவிய சரித்திரம் சமைப்பதைவிட, அந்தப் பாடல்களை அவற்றின் பாடபேதங்களோடு, யார் வீட்டில் யார் பாடியது என்ற விவரங்களோடு பதிப்பிப்பது பெரிய காரியம். 2012இல் காஞ்சனா நடராஜன் அவளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார்; பாடல்களைப் படித்து எழுதிய புத்தகம். தமிழில் அப்படி எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

பிரபுலிங்க லீலைக்கும் அதே மரியாதை வேண்டும். அதைச் சிவப்பிரகாசரின் கற்பனைக்காக மட்டும் மெச்சுவதை விட்டுவிட்டு, ஒரு பக்கம் சாமரசனையும் மறுபக்கம் அக்காவின் வசனங்களையும் திறந்து வைத்துப் படிக்க வேண்டும். ஒரு பெண்ணின் குரல் காவியமாகும்போது எந்த இடத்தில் கரைகிறது, எது கரையாமல் தங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். ஏதோ கொஞ்சம் தங்கியிருக்கிறது என்பதே என் எண்ணம். கௌசிகனின் அரண்மனையை விட்டு அவள் வெளியேறுகிற இடத்துக்கு வரும்போது, எத்தனை அணிகள் போர்த்தினாலும் அந்தச் செயலின் நிர்வாணம் காவியத்தை ஒரு கணம் சங்கடப்படுத்துகிறது. சிவப்பிரகாசர் நல்ல கவியானதால் அந்தச் சங்கடத்தை முழுக்க மூடவில்லை. அந்த ஒரு கணத்துக்காக அவருக்கு நான் நன்றி சொல்வேன்.

மயிலத்துக்குப் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்து வருகிற பெண்கள் படியேறிக்கொண்டே பாடுகிறார்கள். யார் கட்டிய பாட்டு என்று கேட்டால் சிரிப்பார்கள். அம்மா பாடினாள், அவளுடைய அம்மா பாடினாள். பெயரில்லாத பாட்டுக்கு நாமாக ஒரு பெயர் சூட்ட வேண்டியதில்லை. பாட்டை எழுதி வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்டோம் என்பதையும் அதன் அடியில் குறித்துவைத்தால் போதும். ஞானாம்பிகைக்கு அதையாவது யாரேனும் செய்திருக்கலாம்.